பூ ஜாடியைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டு எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு இணைப்பிதழில் மலை எஸ்டேட் பங்களாக்களில் இருந்து இறங்கிவந்த பழைய சாமான்களைப் பற்றி அரைப்பக்கம் எழுதியிருந்தீர்கள். படம் நன்றாக வந்திருந்தது. பளீரென்ற ஆரஞ்சில் ஒரு பூ ஜாடி, வாய் விளிம்பைச் சுற்றிக் கறுப்புக் கோடு. படத்துக்குக் கீழே "200 ஆண்டுப் பழமையான பெல்ஜியம் கண்ணாடி ஜாடி, மதிப்பு 4 லட்சம் ரூபாய்" என்று போட்டிருந்தீர்கள். அது 200 ஆண்டும் இல்லை, பெல்ஜியமும் இல்லை, 4 லட்சமும் இல்லை. மூன்றில் ஒன்றாவது சரியாக இருந்திருந்தால் பேசாமல் இருந்திருப்பேன்.

இதில் வேடிக்கை, சரியான பதில் உங்கள் கட்டுரைக்குள்ளேயே இருக்கிறது. ஜாடியின் அடியில் ஆங்கிலத்தில் 'செக்கோஸ்லோவேகியா' என்று முத்திரை இருப்பதாக உங்கள் நிருபரே எழுதியிருக்கிறார், அதுவும் பொருள் அசல் என்பதற்கு ஆதாரமாக. அசல்தான், யார் இல்லை என்றது? ஆனால் செக்கோஸ்லோவேகியா என்ற நாடே 1918-ல் பிறந்து, 1992 முடிவோடு இரண்டாகப் பிரிந்துபோன நாடு. அந்தப் பேரைத் தாங்கிய ஜாடி 200 வருஷத்துக்கு முன்னால் எப்படி வந்திருக்கும்? அதைவிட, அடியில் ஒரு நாட்டின் பேர் இருக்கிறது, படத்துக்குக் கீழே வேறு நாட்டின் பேர் இருக்கிறது, அச்சுக்குப் போகும்வரை யாருக்கும் அது உறுத்தவில்லையா?

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். குமுளியில் ஒரு ஏலக்காய்க் கமிஷன் கடையில் 28 வருஷம் கணக்கு எழுதியவன். வீடு எல்லைக்குக் கேரளப் பக்கம், சொந்தக்காரர்கள் எல்லாரும் தமிழ்நாட்டுப் பக்கம் கம்பம், கூடலூர். பழைய கண்ணாடி ஜாடி சேர்ப்பது என் பைத்தியம், வீட்டில் இப்போது 43 இருக்கின்றன. மலை மேலே ஆக்ரிக் கடை என்பார்கள், லோயர் கேம்ப் இறங்கினால் அதையே காயலாங்கடை என்பார்கள், இரண்டு பக்கமும் எனக்குக் கணக்கு உண்டு. வண்டிப்பெரியாறு, பீருமேடு பக்கம் பங்களாவைக் காலி பண்ணுகிறார்கள் என்றால் ஜீப் டிரைவர்கள் முதலில் எனக்குத்தான் போன் போடுவார்கள். "அண்ணே, உங்க குப்பை வந்திருக்கு" என்பார்கள். நான் படித்ததெல்லாம் வெளிநாட்டு ஏலக் கம்பெனிகளின் பட்டியல்களும், கையில் எடுத்துப் பார்த்த ஜாடிகளும்தான்.

முதலில் இந்த பெல்ஜியம். நம் ஊரில் பழைய கண்ணாடி எதைக் கண்டாலும் பெல்ஜியம் என்று சொல்லிவிடுகிறோம். பாதித் தவறு நம் பாஷையுடையது என்று எனக்குத் தோன்றும். முகம் பார்ப்பதும் கண்ணாடி, ஜன்னலில் போடுவதும் கண்ணாடி, குடிக்கிற டம்ளரும் கண்ணாடி, மூக்கில் மாட்டுவதும் கண்ணாடி. பெல்ஜியத்தில் இருந்து நல்ல நிலைக்கண்ணாடியும் தட்டைக் கண்ணாடியும் வந்தது உண்மை, செட்டிநாட்டு வீடுகளில் இன்றும் சுவரில் தொங்குகிறது. அந்தப் பேர் அப்படியே நழுவி ஜாடிக்கும் சரவிளக்குக்கும் ஒட்டிக்கொண்டது. பெல்ஜியத்திலும் ஜாடி செய்தார்கள்தான், 1826-ல் தொடங்கிய வால் சாங் லாம்பெர் என்ற பெரிய ஆலையே இருக்கிறது. ஆனால் நம் மலைப் பங்களாக்களில் என் கண்ணில் பட்ட வண்ணக் கண்ணாடியில் பெரும்பாலானவை பொஹீமியாவில் இருந்து வந்தவை. இன்றைய செக் நாட்டின் மேற்குப் பாதி அது, 1918 வரை ஆஸ்திரிய ராஜ்யத்துக்குள் இருந்தது. காடு நிறைய, நல்ல மணல், அந்த மணலை உருக வைக்க மரச் சாம்பலில் இருந்து எடுக்கிற பொட்டாஷ் உப்பு. கண்ணாடி உலைக்கு வேறென்ன வேண்டும்? அங்கே நூற்றாண்டுகளாக ஊர் ஊராக இதே தொழில்தான். முதல் உலகப் போருக்கு முன்னால் நம் பாட்டிமார் போட்ட கண்ணாடி வளையலிலும் கோத்த பாசிமணியிலும் கணிசமான பங்கு அந்தப் பக்கத்து ஊர்களில் செய்ததுதான். யாருக்கும் பேர் தெரியாது, அவ்வளவுதான்.

உங்கள் படத்தில் இருந்த ஜாடியைச் சேகரிப்பவர்கள் 'டாங்கோ' கண்ணாடி என்பார்கள். ஆரஞ்சு, மஞ்சள், சிவப்பு என்று கண்ணைப் பறிக்கிற நிறம், அதில் கறுப்பு விளிம்பு அல்லது கறுப்புக் கைப்பிடி. 1920-களிலும் 30-களிலும் பல ஆலைகள் ஏற்றுமதிக்காகவே மலிவாகச் செய்து தள்ளிய சரக்கு. அழகானதுதான், என்னிடமே 6 இருக்கின்றன, காலையில் வெயில் படும்போது பப்பாளிப் பழத்தைக் கீறி வைத்த மாதிரி இருக்கும். ஆனால் விலை சில ஆயிரங்கள். 4 லட்சம் என்ற எண்ணை யார் சொன்னார்களோ, அவர் விற்க உட்கார்ந்திருக்கிறார் என்று அர்த்தம்.

சரி, எப்படிப் பார்ப்பது என்று எழுதுகிறேன், இதைப் போட இடம் இருந்தால் போடுங்கள். எங்கள் கடையில் ஏலக்காய் மூட்டை வந்தால் சாக்கின் மேல் என்ன முத்திரை என்று யாரும் பார்க்க மாட்டார்கள். கையை உள்ளே விட்டு, ஆழத்தில் இருந்து ஒரு பிடி எடுத்து, உள்ளங்கையில் பரப்பி, நிறமும் பருமனும் பார்த்து, ஒன்றை உடைத்து மோந்து பார்ப்பார்கள். ஜாடியும் அப்படித்தான். முதலில் கவிழ்க்க வேண்டும்.

ஊதிச் செய்த ஜாடி என்றால் அடியில் நடு இடத்தில் ஒரு தழும்பு இருக்கும். ஊதின பிறகு வாயை விரிக்கவும் மடிக்கவும் வேண்டும் இல்லையா, அதற்கு ஜாடியின் அடியில் ஒரு இரும்புக் கம்பியைச் சூட்டோடு ஒட்டிப் பிடித்துக்கொள்வார்கள். வேலை முடிந்ததும் தட்டி உடைத்து எடுப்பார்கள், அந்த இடம் சொரசொரப்பாக நிற்கும். நல்ல ஆலை என்றால் அதைச் சக்கரத்தில் தேய்த்து, பாலிஷ் போட்டு, ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு வழவழப்பான குழியாக்கிவிடுவார்கள். நான் அதைத் தொப்புள் என்று சொல்வேன். கண்ணை மூடிக்கொண்டு கட்டை விரலை வைத்தாலே தெரியும். தொப்புள் இருந்தால் பொஹீமியா என்று உடனே எடுத்துக்கொள்ளாதீர்கள், இத்தாலி, இங்கிலாந்து ஜாடிக்கும் உண்டு. எந்த ஊர்ச் சரக்காக இருக்கும் என்ற பட்டியலைப் பாதியாக்க உதவும், அவ்வளவுதான்.

அப்புறம் தேய்மானம். 100 வருஷம் மேசை மேல் உட்கார்ந்த ஜாடிக்கு, தரையில் படுகிற வளையத்தில் மட்டும் மெல்லிய கீறல்கள் இருக்கும், கண்டபடி எல்லாத் திசையிலும். உப்புத்தாளில் தேய்த்துப் பழசாக்கினதில் கீறல் எல்லாம் ஒரே பக்கம் போகும், அல்லது தரையே தொடாத குழிக்குள்ளும் இருக்கும். நகைக் கடையில் வைத்திருக்கிற பத்து மடங்கு லென்ஸ் ஒன்று வாங்கிக்கொண்டால் போதும்.

கையெழுத்துதான் பெரிய கண்ணி. பொஹீமிய ஜாடிகளில் ரொம்பப் புகழ் பெற்றது லோட்ஸ். முழுப் பேர் 'யோஹான் லோட்ஸ் விதவை', நிஜமாகவே அதுதான் கம்பெனிப் பேர். புருஷன் இறந்த பிறகு ஆலையை நடத்திய சுசன்னா என்ற அம்மாளின் அடையாளம் கடைசிவரை பேரில் நின்றது. அவருடைய பேரன் மாக்ஸ் ஃபான் ஸ்பௌன் 1879-ல் பொறுப்பேற்ற பிறகுதான் கண்ணைக் கவரும் மினுமினுப்பு ஜாடிகள் வரத் தொடங்கின. 'ஃபினோமென்' என்ற அலை அலையான வேலைப்பாட்டுக்கு 1898-ல் காப்புரிமை, 1900 பாரிஸ் உலகக் கண்காட்சியில் பெரிய பரிசு, 1947-ல் மூடுவிழா. அவர்கள் செய்ததில் பெரும்பாலானவற்றில் கையெழுத்தே கிடையாது. வெளிநாட்டுக்குப் போனவற்றில் சிலவற்றில் 'லோட்ஸ் ஆஸ்திரியா' என்று செதுக்கியிருப்பார்கள். இறக்குமதிச் சரக்கில் நாட்டின் பேர் இருக்க வேண்டும் என்று அமெரிக்கா 1890-ல் சட்டம் போட்டதும் அதற்கு ஒரு காரணம். ஆக, கையெழுத்து இல்லாதது குறை இல்லை. இருப்பதுதான் சந்தேகம், ஏனென்றால் சின்ன டிரில் மெஷினை வைத்து யாரும் அதைப் பத்து நிமிஷத்தில் போட்டுவிடலாம். லென்ஸில் பாருங்கள்: பழைய எழுத்தின் மேல் தேய்மானக் கீறல்கள் ஏறிப் போகும், புது எழுத்து அந்தக் கீறல்களை வெட்டிக்கொண்டு, வெள்ளைப் பொடி படிந்த மாதிரி நிற்கும்.

நம் ஊரில் எல்லாம் பெல்ஜியம் என்றால், வெளிநாட்டுக் கடைகளில் வெகுகாலம் மினுங்குகிறதெல்லாம் லோட்ஸ். அங்கேயும் இதே கதைதான். கிராலிக், ரிண்ட்ஸ்கோப், பால்மே-கோனிக் என்று அக்கம்பக்கத்து ஆலைகள் அதே மாதிரி செய்தன, இப்போதுதான் ஆளாளுக்குப் பிரித்துப் பார்க்கிறார்கள். பால்மே-கோனிக் சுலபம், ஜாடி முழுக்கக் கண்ணாடி நூலைச் சுற்றியிருப்பார்கள், சிலந்தி வலை மாதிரி, நகத்தால் வருடினால் தட்டும். லோட்ஸின் 'பாப்பியோன்' வேலை வேறு. பட்டாம்பூச்சி என்று அர்த்தமாம். மழை பெய்து முடிந்ததும் எங்கள் ஜீப் ஸ்டாண்டில் தேங்கின தண்ணீரில் டீசல் சொட்டியிருக்குமே, நீலமும் ஊதாவும் பொன்னுமாக, அந்தச் சொட்டுகளை நெருக்க நெருக்கமாக ஒரு ஜாடி முழுக்கத் தெளித்தால் எப்படி இருக்கும், அதுதான். அறைக்குள் இருட்டில் வைத்தால் வெறும் கறுத்த பச்சை, அழுக்குப் பிடித்த மாதிரி தெரியும். வாசலுக்குக் கொண்டுவந்து திருப்பினால்தான் தன் முகத்தைக் காட்டும். இதை எதற்கு இவ்வளவு விளக்குகிறேன் என்பது கடைசியில் தெரியும்.

சிவப்பு ஜாடியில் மானும் மரமும் செதுக்கியிருந்தால் உடனே மயங்காதீர்கள். 1830-களின் தொடக்கத்தில் எகர்மான் என்பவர், நிறமில்லாத கண்ணாடியின் மேல் செம்பு உப்பைப் பூசிச் சுட்டு மாணிக்கச் சிவப்பு வரவைக்கிற வித்தையைக் கண்டுபிடித்தார். மேலே மெல்லிய சாயம்தான், செதுக்கினால் உள்ளே வெள்ளை தெரியும். அது இன்றைக்கு வரைக்கும் சுற்றுலாப் பயணிகளுக்காகச் செய்யப்படுகிறது, மானுக்கு வயசு தெரியாது.

யுரேனியம் கண்ணாடி நான் தற்செயலாகக் கற்றது. ஒரு நாள் ஆக்ரிக் கடையில் பாட்டில் விலைக்கு வாங்கிய எலுமிச்சை நிறக் கிண்ணம் ஒன்றைக் கடைக்கே கொண்டுபோய் மேசையில் வைத்திருந்தேன். கள்ளநோட்டுப் பார்க்கிற ஊதா விளக்கைப் போட்டதும் 500 ரூபாய் நோட்டுக்குப் பக்கத்தில் அந்தக் கிண்ணம் பச்சைப் பசேலென்று எரிந்தது, முதலாளி நாற்காலியைப் பின்னால் இழுத்துக்கொண்டார். பேய் இல்லை, கண்ணாடியில் கொஞ்சம் யுரேனியம் கலந்திருக்கிறது. பொஹீமியாவில் ரீடல் என்ற குடும்பம் 1830-களில் இருந்தே இப்படி மஞ்சளும் பச்சையும் செய்து, வீட்டுப் பெண் அன்னாவின் பேரை வைத்தது, அன்னாகெல்ப், அன்னாக்ரூன் என்று. அலமாரியில் வைத்திருந்தால் ஒன்றும் ஆகாது, அதில் ரசம் ஊற்றிக் குடிக்காதீர்கள். யுரேனியம் எடுத்த சுரங்க ஊர் அதே பொஹீமியாவின் யோவாகிம்ஸ்தால், அங்கே முன்னொரு காலத்தில் வெள்ளிக் காசு அடித்தார்கள், 'தாலர்' என்ற அந்தக் காசின் பேரில் இருந்துதான் டாலர் வந்தது. நம் பெண்கள் சங்கிலியில் கோக்கிற டாலருக்கும் பூர்வீகம் அந்த மலைதான் என்று என் மனைவியிடம் சொன்னேன், அவள் மதிக்கவில்லை.

இன்னொரு கூத்து. பீருமேட்டில் ஒரு வீட்டில் சாயங்காலம் டியூப் லைட் வெளிச்சத்தில் வெளிர் நீல ஜாடி ஒன்றைப் பார்த்து முன்பணம் கொடுத்துவிட்டு வந்தேன். மறுநாள் காலை போனால் வாசல் திண்ணையில் கத்தரிப்பூ நிறத்தில் ஒரு ஜாடி நிற்கிறது. "சேச்சி, இது நான் பார்த்த ஜாடி இல்லை" என்று நான் நிற்க, அந்த அம்மா மலையாளத்தில் என்னைத் திட்டிய திட்டு இன்னும் காதில் இருக்கிறது. கடைசியில் அவருடைய பேரன்தான் ஜாடியை உள்ளே எடுத்துப் போய் டியூப் லைட்டைப் போட்டுக் காட்டினான். நியோடிமியம் என்ற உலோகம் கலந்த கண்ணாடி அது, வெயிலில் ஊதா, டியூப் லைட்டில் நீலம். பொஹீமியாவின் கார்ல்ஸ்பாட் ஊரில் 1857-ல் தொடங்கிய மோசர் ஆலை 1920-களின் இறுதியில் இப்படிச் செய்ய ஆரம்பித்தது, மற்றவர்களும் செய்தார்கள். அன்று பேசினதற்கு மேல் 200 ரூபாய் கொடுத்து மன்னிப்புக் கேட்டு வாங்கி வந்தேன்.

இனி நான் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்த காரணம்.

கூடலூரில் என் பெரியம்மா மகள் இருக்கிறாள், அக்கா. பெரியம்மா வண்டிப்பெரியாறு பக்கம் ஒரு பங்களாவில் ஆயாவாக இருந்தவர். தொரசாணி கப்பல் ஏறும்போது கொடுத்துவிட்டுப் போனது என்று இரண்டு ஜாடிகள் அந்த வீட்டில் இருந்தன. ஒன்று உங்கள் படத்தில் இருந்ததைப் போலவே ஆரஞ்சு, அடியில் அதே முத்திரை, ஷோகேஸில் இருக்கும். இன்னொன்று சமையல்கட்டு ஜன்னலில், கரண்டி போட்டு வைக்கிற ஜாடி. கறுத்த பச்சை, இடுப்பு நெளிந்து, வாய் மூன்று மூலையாக மடங்கினது, அடியில் எழுத்து எதுவும் இல்லை. போன வருஷம் தீபாவளிக்குப் போனபோது கரண்டிகளை எடுத்து வைத்துவிட்டு அதைக் கொல்லைப்புறம் கொண்டுபோய்த் திருப்பிப் பார்த்தேன். மேலே எழுதினேனே ஜீப் ஸ்டாண்டு டீசல், அதேதான். தொப்புளும் சுத்தமாக இருந்தது. லோட்ஸ் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

நான் அதை அக்காவிடம் சொல்லவில்லை. நானும் யோக்கியன் இல்லை. சொன்னால் விலை கேட்பாள், கொஞ்ச நாள் போகட்டும், புது எவர்சில்வர் கரண்டி ஸ்டாண்டு ஒன்று வாங்கிக் கொடுத்து மெதுவாக மாற்றிக்கொள்ளலாம் என்று இருந்தேன். அப்படி இருந்ததற்கு எனக்குக் கிடைத்ததைக் கேளுங்கள்.

உங்கள் ஞாயிறு இணைப்பு வந்து மூன்றாம் நாள் காரில் ஒரு வியாபாரி தெருத் தெருவாக வந்திருக்கிறார். அக்கா பேப்பரைக் காட்டி, ஆரஞ்சு ஜாடிக்கு 4 லட்சம் என்றாளாம். அவர் ஒன்றும் சொல்லாமல் சிரித்துவிட்டு, ஒரு பித்தளை அண்டாவையும் பழைய அரிக்கேன் விளக்கையும் விலை பேசி எடுத்துக்கொண்டு, கிளம்பும்போது, "அந்தக் கரண்டி ஜாடியையும் கொடுங்கம்மா, எதுக்காவது ஆகும்" என்று 150 ரூபாயை நீட்டியிருக்கிறார். கரண்டிகளைக் கொட்டிவிட்டுக் கழுவித் துடைத்தும் கொடுத்திருக்கிறாள்.

விஷயம் தெரிந்து நான் அன்று மாலையே ஜீப் பிடித்து இறங்கினேன். அக்கா ரொம்பத் தெளிவாகச் சொன்னாள், "அதுல சீல் இல்லையே தம்பி, பேப்பர்ல சீல் இருந்தாத்தான் மதிப்புன்னு போட்டிருக்கான்ல." உண்மைதான், போட்டிருக்கிறீர்கள், நான்காவது பத்தியில். அந்த ஒரு வரிக்காக உங்கள் மேல் எனக்குக் கோபம். வாயை மூடிக்கொண்டிருந்த என் மேல் அதைவிடக் கோபம், அது என் பாடு. அந்த வியாபாரி கவிழ்த்துப் பார்க்கத் தெரிந்தவர், அதற்காக அவரை என்ன சொல்வது?

ஆரஞ்சு ஜாடி இப்போது ஷோகேஸில் இல்லை. மாமாவின் பழைய வேட்டியில் சுற்றி பீரோவில் பூட்டி வைத்திருக்கிறாள். மகன்கள் இருவரும் ஆளுக்கு 2 லட்சம் என்று கணக்குப் போட்டுவிட்டார்கள், மூத்தவன் வண்டி மாற்றுவதாகக் கேள்வி. நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன், செக்கோஸ்லோவேகியா, 1918, டாங்கோ, எல்லாம். "நீ அடிமாட்டு விலைக்குக் கேக்கப் போற, அதுக்குத்தான் இந்தப் பேச்சு" என்கிறாள். என் பூர்வீகம் தெரிந்தவள், அவளைக் குறை சொல்ல முடியாது.

அதனால் தயவுசெய்து நீங்களே ஒரு திருத்தம் போடுங்கள். பெரிதாக வேண்டாம், அதே ஞாயிறு இணைப்பில் நான்கு வரி போதும்: படத்தில் இருந்தது பொஹீமியக் கண்ணாடி, 1918-க்குப் பிறகு செய்தது, விலை சில ஆயிரம், முத்திரை இல்லாத ஜாடியையும் யாரிடமாவது காட்டாமல் விற்க வேண்டாம். நான் சொன்னால் நம்பாத அக்கா, உங்கள் பேப்பரில் வந்தால் நம்புவாள்.

இந்தக் கடிதத்தையே போடுவதாக இருந்தால் அக்கா பற்றிய பத்திகளை வெட்டிவிடுங்கள். கரண்டி ஸ்டாண்டு விஷயம் அவளுக்கு இன்னும் தெரியாது. என் பேரும் வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
குமுளி